ஒரே குரூப்பில் மாட்டிய ஜக்கார்டு கார்டு

ஓஎஸ்ஸின் மையமான கெர்னலுக்கு, டிவைஸ்களை இயக்கும் டிரைவர் எழுதுவது இருபது வருடமாக என் பிழைப்பு. ராசிபுரத்தில் வீட்டிலிருந்தே செய்கிறேன். புதிதாகச் சேருகிறவர்கள் எமுலேஷன், பாஸ்த்ரூ, ஐஓஎம்எம்யூ குரூப் என்ற சொற்களைக் கண்டு மிரண்டால், நான் எடுத்துவிடுவது வெண்ணந்தூர்க் கதையைத்தான்.

என் மனைவியின் அக்கா செல்வி அங்கே சேலையில் டிசைன் நெய்யும் ஜக்கார்டு தறி ஓட்டுகிறார். டிசைனைத் தறிக்கு அனுப்பும் பழைய கம்ப்யூட்டர் ஒரு திங்கட்கிழமை புகைந்து போனது. அதற்குள் செருகியிருந்த, தறியோடு பேசும் கார்டு மட்டும் பிழைத்தது. கல்யாணச் சேலைகள் வெள்ளிக்கிழமை போயாக வேண்டும். தவறினால் கடைக்காரர் வேறு தறியைப் பார்த்துக்கொள்வார்.

புதுக் கம்ப்யூட்டரில் கார்டைச் செருகி, கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டராக ஓடும் விர்ச்சுவல் மெஷினில், அந்தக் கார்டுக்குப் பழக்கமான பழைய ஓஎஸ்ஸை ஏற்றினேன். முதலில் எமுலேஷன். அதாவது, உள்ளே இருக்கும் ஓஎஸ்ஸிடம் கார்டு போலவே நடிக்கும் ஒரு புரோகிராம். ஓஎஸ் சொல்வதை அது வாங்கி நிஜக் கார்டுக்குச் சொல்வதற்குள் தாமதமாகி, சேலையில் மாங்காய் பூசணிக்காயாக விழுந்தது.

"ஏனுங்க தம்பி, கார்டு இப்ப யாரு கையில இருக்குது?" என்றார் அக்கா.

"வெளிய இருக்கிற ஓஎஸ் கையிலங்க. உள்ள இருக்கிறவன் கேக்கக் கேக்க அது சொல்லி உடுது."

"நடுவுல தரகன் எதுக்குங்க? உள்ள இருக்கிறவங்கிட்டயே நேரா குடுத்துருங்க."

அதற்குப் பெயர்தான் பாஸ்த்ரூ. கொடுத்தேன். உடனே கீபோர்டும் மவுஸும் செத்தன.

எந்த டிவைஸ் எந்த மெமரியைத் தொடலாம் என்று காவல் காப்பது ஐஓஎம்எம்யூ. ஐஓஎம்எம்யூவால் தனித்தனியாகப் பிரித்துக் காவல் காக்க முடியாத டிவைஸ்கள் ஒரு குரூப். கார்டும், கீபோர்டையும் மவுஸையும் பார்த்துக்கொள்ளும் யுஎஸ்பி கண்ட்ரோலரும் ஒரே குரூப்பில் இருந்தன. ஒன்றைக் கொடுத்தால் மற்றதும் கூடவே போகும்.

குரூப்பைப் பிரிக்கக் கெர்னலில் பேட்ச், அதாவது ஒட்டுத் திருத்தம், எழுத உட்கார்ந்தேன். வியாழன் மதியம் வரை எழுதினேன். அக்காவின் தறி ஆட்கள் சும்மா உட்கார்ந்து என்னையே பார்த்தார்கள். என்ன சிக்கல் என்று அக்காவிடம் விளக்கினேன்.

"ஒரே கரண்டு பீஸ்ல ரெண்டு தறி மாட்டுன மாதிரிங்களா? நாங்கன்னா ஒண்ணத் தூக்கி வேற லைன்ல போட்டுருவோங்க."

மூடியைத் திறந்து, கார்டைக் கழற்றி அடுத்த ஸ்லாட்டில் செருகினேன். தனி குரூப். தறி ஓடியது. கெர்னலில் டிவைஸ்களைக் குரூப் குரூப்பாகப் பிரிக்கும் புரோகிராமில் என் கைவரிசையும் உண்டு என்பதை அங்கே யாரிடமும் நான் சொல்லவில்லை.

டிவைஸ் யார் கையில் இருக்கிறது, அதோடு கூட எது போகிறது என்ற இரண்டு கேள்வி போதும், பாதிச் சொற்கள் புரிந்துவிடும். பேட்ச் அப்புறம்.

சேலைகளை வேனில் ஏற்றிவிட்டு அக்கா என் மனைவிக்குப் போன் போட்டார். "உங்கூட்டுக்காரரு கெட்டிக்காரருதான் சாமி. மூடியத் தொறக்கத்தான் மூணு நாளாச்சு."