அப்பாவுக்கு இரண்டு பஞ்சமி

இந்த ஊரில் டிசம்பர் மாதத்தில் மத்தியானம் என்று ஒன்று கிடையாது. காலை எட்டு மணிக்கு மேல் மனமில்லாமல் எழுந்து வரும் சூரியன், கூரைகளின் மேலேயே சற்று உருண்டுவிட்டு நாலு மணிக்குள் போய்விடுகிறது. நடுப்பகலில்கூட என் நிழல் தெருவின் எதிர்ப்பக்கம் வரை நீண்டு கிடக்கும். பூமியின் அச்சு ஏன் சாய்ந்திருக்கிறது என்று இங்குள்ள டெக்னிகல் காலேஜில் பாடம் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஆனாலும் ஸ்ரீரங்கத்து வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அந்தப் பாடம் ஏறவில்லை. இங்கிலாந்துக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும், சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் விளக்கைப் போட நேரும்போது யாரோ என்னை ஏமாற்றிவிட்டதாகவே தோன்றுகிறது. ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். கப்பலேறத் துடிக்கும் பிள்ளைகள் சிரிக்க வேண்டாம்.

அப்பா திருச்சி ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் கிளார்க். நான் படிப்பை முடித்துவிட்டு, படித்த கல்லூரியிலேயே டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். ஒருநாள் நூலகத்தில், பல மாதம் பிந்தி வந்த ஓர் ஆங்கிலப் பத்திரிகையில், பிரபஞ்சத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை என்ற கோட்பாட்டைப் படித்தேன். விண்மீன் கூட்டங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே போகும். காலியாகும் இடத்தில் புதிதாகப் பொருள் தோன்றும். ஆகவே எந்தக் காலத்தில் பார்த்தாலும் வானம் ஒரே மாதிரிதான் இருக்கும். அந்தப் புதிய பொருளுக்கு ஈர்ப்புச் சமன்பாடுகளில் எங்கே இடம் என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. காவிரிப் பாலத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டே அப்பாவிடம் அதைச் சொன்னேன்.

"ஆரம்பமும் இல்லே, முடிவும் இல்லேன்னா, இதைத்தானேடா நம்மாத்துல தினம் சேவிக்கறோம்? இதுக்குப் போயி சீமைக்கா போகணும்?"

"கணக்கா எழுதிக் காட்டணும்ப்பா."

"காட்டு. காட்டிட்டு வந்துடு."

அடுத்த மார்கழியில், வைகுண்ட ஏகாதசிக்கு வந்த கூட்டம் ஊரைவிட்டுக் கலையாத நாட்களில், தேய்பிறைப் பஞ்சமியன்று அப்பா காலமானார். அவர் சொன்னதையே வாக்காக அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கப்பலேறினேன். கணக்கு முடிந்ததும் ஊருக்கே வந்துவிடுவேன்; வருஷா வருஷம் அப்பாவின் சிராத்தத்தை நம் வீட்டில் நானே செய்வேன்; அதுவரை சித்தப்பா பையன் வரதன் செய்யட்டும் என்று ஏற்பாடு.

இங்கும் சும்மா இருக்க மனம் வரவில்லை. முதல் வருஷம், அம்மா கப்பல் தபாலில் அனுப்பிய பஞ்சாங்கத்தில் நாளைப் பார்த்து, அடுப்பை விட்டுத்தரும்படி வீட்டுக்கார அம்மாளிடம் கேட்டேன். "இன்று என் அப்பாவுக்குச் சாப்பாடு" என்றேன். இறந்தவர் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த அம்மாள் நல்ல மேஜை விரிப்பை எடுத்துப் போட்டு, என் எதிரில் இன்னொரு நாற்காலியும் தட்டும் வைத்துவிட்டு, "உங்கள் அப்பாவுக்கு டீயில் சர்க்கரை போடலாமா?" என்று கேட்டாள். இரண்டு ஸ்பூன் என்றேன். சாயங்காலம் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவள், ரயில் தாமதமாக இருக்கும் என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

மறுநாள் ஒரு சந்தேகம் வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிராத்தம் செய்கிறவன் இருக்கும் ஊரில், பிற்பகலில் இறந்த திதி இருக்கும் நாள்தான் முறை. பஞ்சாங்கம் சொன்னது ஸ்ரீரங்கத்துப் பிற்பகலை. இந்த ஊர்ப் பிற்பகல் ஐந்தரை மணி நேரம் பிந்தி வருகிறது. அதற்குள் பஞ்சமி முடிந்து சஷ்டி வந்துவிட்டிருந்தது. இங்கே பஞ்சமிப் பிற்பகல் முதல்நாளே வந்து போய்விட்டது. காலத்தையும் வெளியையும் வளைத்துக் கணக்குப் போடுகிறவன், அப்பாவை ஒருநாள் தாமதமாகக் கூப்பிட்டிருந்தேன். எல்லா வருஷமும் இப்படி விழுவதில்லை. பெரும்பாலும் இரண்டு ஊருக்கும் ஒரே நாள்தான். அந்த வருஷங்களில் வீட்டில் இருப்பதுபோல் என்னை நானே ஏமாற்றிக்கொள்ள முடிகிறது.

கணக்கு முடியவில்லை. இன்னும் ஒரு கட்டுரை, இன்னும் ஒரு வருஷம் என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். தொலைவிலிருந்து வரும் ரேடியோ அலைகளை ஆராய்ந்தவர்கள், வானம் எக்காலமும் ஒரே மாதிரி இருந்ததில்லை என்றார்கள். அவர்கள் ஆய்வில்தான் பிசகு என்றோம். பிறகு, ஆன்டெனாவை எந்தத் திசையில் திருப்பினாலும் ஒரே அளவில் ஒரு மெல்லிய இரைச்சல் கேட்கிறது, அது பிரபஞ்சம் கொதித்துப் பிறந்த காலத்தின் மிச்சச் சூடு என்ற செய்தி வந்தது. தொடக்கம் இருந்திருக்கிறது. என் வாலிபம் முழுவதும், இல்லாத ஒரு வானத்துக்குக் கணக்கு எழுதியிருக்கிறேன். அன்று டீ நேரத்தில் என் பேராசிரியர், "சுவாரசியமான காலம், இல்லையா?" என்றார். ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்து நன்றி சொன்னேன். என் பதவியை நீட்டிக்கப் போவதில்லை என்பதைத்தான் அப்படிச் சொன்னார் என்று பிறகு விளங்கியது. யுனிவர்சிட்டி போய், அதன் பிறகு கிடைத்ததுதான் இந்த டெக்னிகல் காலேஜ்.

போன மார்கழியில் ஊருக்குப் போனேன். முதல் வேலையாகத் திருச்சிக் கல்லூரியில் போய் இடம் கேட்டேன். பிரின்சிபால் காபி வரவழைத்து உபசரித்தார்.

"உங்க சப்ஜெக்ட் நம்ம சிலபஸ்லயே இல்லீங்களே. நீங்க அங்க இருக்கறதுதாங்க நமக்குப் பெருமை. பசங்களுக்கு உங்களத்தான் சொல்லிக்கிட்டு இருக்கோம்."

எதை வைத்துப் பெருமைப்பட்டாரோ, அது செத்துப்போன விஷயம் அவருக்குத் தெரியாது. காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

சிராத்தத்தை நான் செய்தேன். மந்திரம் அங்கங்கே தடுமாறியது. பக்கத்தில் நின்ற வரதன் மெல்ல எடுத்துக்கொடுத்தான். செய்விக்க வந்த வாத்தியார் எது வேண்டுமானாலும் என்னைத் தாண்டி வரதனைத்தான் கேட்டார். எல்லாம் முடிந்து அம்மா கூடத்தில் உட்கார்ந்தபோது, இரண்டு ஊர்ப் பஞ்சமியின் கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"அப்போ அங்க ஒருநாள், இங்க ஒருநாளா?"

"சில வருஷம் அப்படி விழும்மா."

"நீ போன கணக்கு முடிஞ்சுதாடா?"

"முடிஞ்சுதும்மா. தப்புன்னு முடிஞ்சுது."

அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, நீ அங்கேயே பண்ணிண்டிரு. இங்க வரதன் பண்ணட்டும். அவனுக்கும் பழகிப்போச்சு. உங்கப்பாவுக்கும் பழகிப்போயிருக்கும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். எப்போது வருவாய் என்று கேட்பதை அம்மா அன்றோடு விட்டுவிட்டாள்.

இந்த வருஷம் மறுபடியும் இரண்டு நாளாக விழுந்தது. முதல்நாள் இங்கே தெரிந்த அளவில் செய்து முடித்தேன். மறுநாள் காலை எட்டரைக்கு, வீட்டு வாசலிலேயே உள்ள ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நின்றேன். ஸ்ரீரங்கத்தில் அப்போது பிற்பகல் இரண்டு மணி. இலையைப் போட்டு வரதன் அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பான். அங்கே எப்போதோ அஸ்தமித்துவிட்ட தேய்பிறை நிலா, இங்கே எதிர்வீட்டுப் புகைபோக்கிக்கு மேல் வெளுத்து நின்றது. வீட்டுக்கார அம்மாள் பால் பாட்டில்களை எடுக்க வாசலுக்கு வந்தாள்.

"இந்தத் தடவையாவது உங்கள் அப்பா வந்தாரா?"

"நேற்று வந்தார். இன்று வீட்டுக்குப் போய்விட்டார்."

"நீங்களும் கூடவே போயிருக்கலாமே" என்றாள்.

பஸ் வந்தது. ஏறி, நிலா தெரியும் பக்கமாக உட்கார்ந்துகொண்டேன்.