பதினேழாம் நம்பர் முந்திரி

தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலை முதலாளி ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். ஆலையில் அல்ல, கழுகுமலைப் பாதையில் இருந்த அவருடைய கரிசல் நிலத்தில். வெளியூர்களிலிருந்து நாலு ரக முந்திரி ஒட்டுக்கன்றுகளை வாங்கி நட்டிருந்தார். கன்றுகளுக்கு நம்பர் போட்டு, தண்ணீர் ஊற்றாமல் எது பிழைக்கிறது என்று பார்த்து எழுதுவது என் வேலை. “கரிசல்ல முந்திரி வந்துட்டா முருகனுக்கு மொட்டை போடுதேன்” என்பார். ஏற்கெனவே முக்கால் வழுக்கை. முருகனுக்கு இதில் பெரிய லாபம் இல்லை.

இரண்டாம் கோடையில் கன்றுகள் வரிசையாகப் பட்டுப்போயின. பதினேழாம் நம்பர் மட்டும் பச்சையாக நின்றது. அது என் மண்டையைக் குடைந்தது. நிலமெல்லாம் கை நுழையும் அளவு வெடித்துக் கிடக்க, அந்தக் கன்றைச் சுற்றி மட்டும் ஒரு கீறல் இல்லை. வேர்தான் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நானாக ஒரு காரணம் கண்டுபிடித்து முதலாளியிடம் அளந்தேன். அவர் அந்த ரகத்தையே ஐந்து ஏக்கருக்கு வாங்கத் தீர்மானித்துவிட்டார்.

வேர் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் மறுநாள் கன்றடியில் ஒரு கம்பியைச் செருகினேன். எதிலோ டக்கென்று தட்டியது. சருகை விலக்கினால், கழுத்துவரை புதைத்த மண்பானை. உள்ளே பாதித் தண்ணீர்.

களையெடுக்க வரும் அக்கா பின்னால் வந்து நின்றார். ஆடு மேய்த்த குடும்பம்; ஆடுகளை விற்றபின் இந்த நிலத்து வேலையை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பெரிந்தது.

“நாந்தான் தம்பி ஊத்துதேன். எல்லாம் பட்டுப்போச்சுன்னா மொதலாளி நெலத்தத் தரிசாப் போட்டுருவாவன்னு பேசிக்கிட்டாவ. ஒன்னாவது பச்சையா நின்னா நமக்கு வேல இருக்கும்லா.”

‘நமக்கு’ என்று என்னையும் சேர்த்துக்கொண்டது உறைத்தது. வாயைத் திறக்காவிட்டால் இருவருக்கும் பிழைப்பு உண்டு; ஆனால் ஐந்து ஏக்கர் கன்றும் காய்ந்து சாகும். அன்றைக்கே முதலாளியிடம் சொல்லிவிட்டேன். பானையை யார் வைத்தது என்று மட்டும் சொல்லவில்லை. அதன் பிறகு அக்காவின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

முதலாளி கோபப்படவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு நிலத்தைச் சும்மா போடச் சொன்னார். பிடுங்கும் வேலை அக்காவுக்கே வந்தது. பதினேழாவதை மட்டும் விட்டுவிடலாம் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் மண்வெட்டியை அந்தக் கன்றடியில் ஊன்றினார்.

“அதையும் பிடுங்குவோம் தம்பி. இன்னும் அரைநாள் வேல உண்டும்லா.”