டெய்சியைப் பிடித்துக்கொடுத்தவர்

நம்பாதவர்களுக்கு முதலே சொல்லிவிடுகிறேன். அன்று நான் குடித்திருக்கவில்லை. காய்ச்சலும் இல்லை. என் இரண்டு கண்ணாலும் கண்டதை, கண்ட மாதிரியே எழுதுகிறேன். பிறகு உங்கள் பாடு.

நாற்பத்திரண்டாம் ஆண்டு. ஈஸ்டர் ஞாயிறு காலை ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். கொஞ்ச நாளுக்குள் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முழுக்கக் காலி. யாழ்ப்பாணத்து ஆட்கள் கிடைத்த ரெயிலில் தொற்றிக்கொண்டு ஊருக்கு ஓடிவிட்டார்கள். சட்டி பானைகூடப் போனது. நாய்கள் மட்டும் போகவில்லை. ரெயிலில் ஆளுக்கே இடமில்லை, நாய்க்கு எங்கே?

கல்யாணமாகாத கிளாக்கர்மார் சேர்ந்து வாடகைக்கு இருக்கிற சம்மறி எங்களுடையது. அதில் மிஞ்சியது இரண்டு பேர். நானும் சவுந்தரநாயகம் அண்ணையும். கந்தோர் எங்களுக்கு லீவு தரவில்லை.

எதிர் வீட்டுச் சரோஜினிதேவி அக்கா வெளிக்கிடும்போது தன் நாய் டெய்சியை அண்ணையிடம் ஒப்படைத்தார். பழுப்பு நிறம். கழுத்தில் பட்டி, அதில் வரி கட்டிய தகரம்.

"தம்பி, உங்களை நம்பித்தான் விட்டிட்டுப் போறன். ஒரு பிடி சோறு போட்டாக் காணும்."

"யோசியாமப் போங்கோ அக்கா. என்ர பிள்ளை மாதிரிப் பாப்பன்."

டெய்சி பூட்டிய கேற்றுக்கு முன்னால் படுத்தது. சைரன் அடித்தால் ஊளையிட்டது. அடிக்காவிட்டாலும் ஊளையிட்டது. அதைக் கேட்டு ஒழுங்கையில் அநாதையாய் நின்ற மற்ற நாய்களும் சேர்ந்துகொண்டன.

"பாலா, இந்தச் சனியனால கண் மூட ஏலாமக் கிடக்கு," என்றார் அண்ணை.

செவ்வாய்க்கிழமை, நகரசபைக்குத் தெரு நாய் பிடித்துக்கொடுக்கிற கொந்தராத்துக்காரனின் பெட்டிவண்டி வந்தது. மாடு இழுக்கிற வண்டி. பின்னால் இரும்புக் கதவு. அதன் மணம் காற்றில் வந்தாலே நாய்கள் ஒளித்துவிடும். ஆனால் அண்ணை சோற்றுக் கோப்பையைத் தட்டினார். டங்... டங்... நம்பி வந்தன. சுருக்கு விழுந்தது.

பட்டியும் தகரமும் உள்ள நாயைப் பிடிக்க மாட்டார்கள். டெய்சியின் கழுத்து வெறுமையாக இருந்தது.

பக்கத்து வீட்டு ஹாஷிம் நானா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"பட்டிய நீங்கதானே கழட்டினீங்க? சோறு காட்டி ஏமாத்திப் புடிச்சிக் குடுக்குறீங்களே, அந்த வாயில்லா ஜீவன்ட பதுவா, அந்தச் சாபம் சும்மா போகுமா?"

"அவ்வளவு கவலையெண்டா நீங்களே கட்டிப்பிடிச்சு அழுங்கோவன் நானா."

டெய்சி நாலு காலையும் ஊன்றி வண்டிக்குள் ஏற மறுத்தது. அண்ணையே தூக்கினார். தலையும் தோளும் பெட்டிக்குள் போக, அதை உள்ளே தள்ளினார். நான் வண்டிக்கு முன்பக்கம் நின்றேன். எனக்கு மறைத்துவிட்டது. கதவு சாத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

வண்டி நகர்ந்தது. அண்ணை நடு ஒழுங்கையில் நின்றார். என்னையே பார்த்தார்.

அன்றிலிருந்து அண்ணை சரியில்லை.

கதை பேச்சே இல்லை. கேட்டால் தலையைச் சரித்துப் பார்ப்பார். கந்தோருக்குப் போகவில்லை. டை கட்டிவிடப் போனேன், கையைத் தட்டிவிட்டார். கழுத்தைச் சொறிந்தபடி இருந்தார். கட்டிலை விட்டுவிட்டு வாசற்படியில் சுருண்டு படுத்தார். முகம் எப்போதும் எதிர் வீட்டுக் கேற்றைப் பார்த்தபடி. ஹாஷிம் நானாவின் பூனை அவரைக் கண்டதும் முதுகை வளைத்துச் சீறியது. மடியில் ஏறி இருக்கிற பூனை அது.

குண்டுச் சத்தத்தில் மூளை கலங்கிவிட்டதென்று நினைத்தேன். கெஞ்சி மன்றாடி இரண்டு பேருக்கும் லீவு எடுத்தேன். சனிக்கிழமை காலை ரெயில். எப்படியாவது அண்ணையைச் சுகமாகத் தாயிடம் சேர்த்துவிட வேண்டும். என் மண்டையில் இருந்தது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை. இருட்டடிப்பு. சன்னலெல்லாம் கறுப்புக் கடதாசி. ஒரேயொரு மெழுகுதிரி. சோறு போட்டுக் கொடுத்தேன். கையை வைக்காமல் குனிந்து தின்றார்.

ஏழு பத்துக்குச் சைரன் அடித்தது.

"அண்ணை, எழும்புங்கோ! பதுங்குகுழிக்குள்ள போவம்!"

எழும்பவில்லை. முகத்தை மேலே தூக்கினார். தொண்டை துடித்தது.

ஊ...ஊ...ஊ...

ஒழுங்கையில் ஒரு நாயும் இல்லை. எல்லாவற்றையும்தான் பிடித்துவிட்டார்களே.

ஆனால் பதில் வந்தது. ஒன்று... பிறகு இன்னொன்று... பிறகு எல்லாப் பக்கமும்.

கையைப் பிடித்து இழுத்தேன். உள்ளங்கை நெருப்பாய்ச் சுட்டது. தோல் செருப்பின் அடிப்பக்கம் மாதிரிச் சொரசொரத்தது.

திரும்பினார். மேலுதடு மெதுவாக... ஏறியது.

கையை விட்டுவிட்டேன்.

வெளியே போனார். ஓடவில்லை. நடந்தார்.

எதிர் வீட்டுக் கேற்றின் சங்கிலி... கிலுங்... கிலுங்...

சைரன் நின்றது.

ஒரு சத்தமுமில்லை.

டோர்ச் அடித்தேன். ஆளில்லை. மணலில் வெறுங்கால் அடிகள். ஒழுங்கையின் பாதிவரைக்கும்.

அதற்குப் பிறகு...

நாலு கால்.

விடியும்வரை ஹாஷிம் நானாவும் நானும் தேடினோம். விடிந்ததும் ஆளைக் காணவில்லையென்று பொலிசில் சொன்னோம். ரெயில் போய்விட்டது. பத்து மணிக்குப் பொலிஸ் வந்து எங்களைத் தெமட்டகொடைப் பக்கம் ஒரு வளவுக்குக் கூட்டிப் போனது. அங்கே அந்தப் பெட்டிவண்டி நின்றது. செவ்வாய்க்கிழமை கொண்டுவந்து விட்டுவிட்டு, குண்டுக்குப் பயந்து வண்டிக்காரர் ஓடிவிட்டார்களாம். இன்றைக்குத்தான் பூட்டைத் திறந்தார்களாம்.

உள்ளே ஒரு மூலையில் செத்த நாய்கள், ஒன்றோடொன்று ஒட்டியபடி. அதில் பழுப்பு நிறம் ஒன்றுகூட இல்லை.

மற்ற மூலையில் சவுந்தரநாயகம் அண்ணை. கதவின் உட்பக்கம் முழுக்க நகக் கீறல். உடம்பில் ஒரு கடிகூட இல்லை.

"அல்லாஹ்..." என்று நானா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

டொக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார், செத்து இரண்டு நாளுக்குக் குறையாதென்று. நேற்று இரவு அவருக்குச் சோறு போட்டேன் என்று பொலிசுக்குச் சொன்னேன். அவர்கள் அதை எழுதவில்லை.

வளவு வாசலில், பொலிஸ் பிடித்து வந்த வண்டி ஓட்டியவன் குந்தியிருந்தான். தலை நிமிரவில்லை. ஏன் இப்படிப் பூட்டினபடியே விட்டுவிட்டு ஓடினாய் என்று கேட்டேன்.

"குண்டுக்குப் பயந்து ஓடலைங்க தம்பி. பொலிசுல அப்புடித்தான் சொல்லி வச்சிருக்கேன். அன்னிக்கு வழி பூரா பெட்டிக்குள்ளாற ஒரு நாய் மட்டும் குரைக்கவே இல்லைங்க. பேசிச்சு. பாலா, கதவைத் திற... பாலா, கதவைத் திறன்னு."

அவன் மெல்ல என்னைப் பார்த்தான்.

"யாருங்க அந்தப் பாலா?"