பீன்ஸ் பாத்தி மண்

என் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவன் நான். படிக்கிறவர்கள் எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

சூரியநெல்லிப் பக்கம் தேயிலை எஸ்டேட் லயத்தில், கூலியாட்களின் வரிசை வீட்டில், எங்கள் அய்யா படுத்துவிட்டார். அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். கம்பவுண்டர் வந்து பார்த்து, "வயசாயிட்டு. கேட்டதைக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜீப் பிடித்துத் தேனிக்குக் கொண்டுபோகிறேன் என்று அய்யாவின் காலைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"போற வழியில மலை வளைவுலயே செத்துருவேன்லே. பேசாம இரு" என்றார்.

அவர் முகத்தில் கலக்கமே இல்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அம்மா போனபின் எனக்கென்று இருந்தது அவர் ஒருவர்தான். இவரும் போனால் அந்த ஒற்றை அறையில் யாரோடு பேசுவேன்?

கஞ்சி இறங்காமல் போன பிறகும் அய்யாவுக்கு மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுச் சித்தி வந்து பார்த்தார்.

"மண்ணாசையா இருக்கும்டே. சொந்த ஊரு மண்ணைத் தண்ணியில கரைச்சு வாயில விட்டா நிம்மதியாப் போயிருவாரு. சங்கரன்கோயில் போயி ஒரு பிடி எடுத்துட்டு வா."

எங்கள் ஆட்களின் வழக்கம் அது. அய்யா கண்ணைத் திறந்தார்.

"அங்க எனக்கு என்ன இருக்கு? பங்காளிச் சண்டைதான் இருக்கு. பின்னால நம்ம பீன்ஸ் பாத்தி மண்ணு போதும்."

கொட்டாங்கச்சியோடு போய்ப் பாத்தி ஓரம் குந்தினேன். மண்ணைத் தொடக் கை வரவில்லை. கொடுத்தால் போய்விடுவாரே. அடுப்படியில் பால் விடாத கட்டன் சாயா மிச்சம் இருந்தது. அதில் தண்ணீர் விட்டு, மண் கரைத்த தண்ணீர் மாதிரி ஆக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்தார். "சீனி பத்தாதுலே" என்றார்.

சித்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நான் அழுதுவிட்டேன்.

"மண்ணு குடுத்தாலும் போவேன், குடுக்காட்டியும் போவேன். உன் கையால வாங்கிட்டுப் போறேன். போய் எடுத்துட்டு வா."

இந்தத் தடவை மண்ணையே கரைத்து வந்தேன். பாதி அவர் தாடியில் வழிந்தது. மீதியைக் குழந்தை மாதிரி முழுங்கினார். கதவைத் திறந்து வைக்கச் சொன்னார். பனிமூட்டம் உள்ளே வந்தது.

"இவனுக்குக் கஞ்சி ஊத்து தாயி. ஒண்ணும் திங்காம கெடக்கான்" என்று சித்தியிடம் சொன்னார். அதற்கப்புறம் பேசவில்லை.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். மத்தியானம் கொழுந்து நிறுக்கிற நேரம், அவர் விரல்கள் தளர்ந்தன. நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"விடுடே. அவரு போயிட்டாரு" என்றார் சித்தி.

என்னால் விட முடியவில்லை. லயத்து ஆட்கள் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அவரைக் குளிப்பாட்ட எடுத்தார்கள்.

எழுதி முடித்தது: 1978, தை மாதம் இருபதாம் தேதி.