சட்டிக்கரியைப் பூதம் தின்னவில்லை

மாமா பூதமாக உட்கார்ந்துவிட்டால் சோற்றுக்குக் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார்.

அம்மாவின் தம்பி அவர். பக்கத்து வீடு. மில்லில் காலை ஷிப்டு. வெயில் சாயும்போது சைக்கிளில் வருவார். ஒரு சொம்பு நீராகாரம் குடிப்பார். நேராக ஏரிக்கரைப் புங்கமரத்தடிக்கு வந்து, தலையில் துண்டை முக்காடு போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்காருவார். அவ்வளவுதான். மாமா போய்விட்டார். பூதம் வந்துவிட்டது.

பாகூர் ஏரி கோடையில் வற்றும். பெரியவர்களுக்குக் கவலை. எங்களுக்குக் கொண்டாட்டம். தோண்டினால் வெண்ணெய் மாதிரி களிமண் வரும். அதில் கட்டைவிரல் உயரத்துக்குக் குட்டிப் பூதங்கள் பிடிப்போம். கண்ணுக்குக் குன்றிமணி. பல்லுக்கு நெல். காது மட்டும் ஆளுக்கு ஒரு மாதிரி. அதுகளுக்குப் பொடிசு என்று பேர். திருடுவதைத் தவிர வேறு வேலை தெரியாத ஜாதி.

பெரிய பூதத்தின் முதுகுக்குப் பின்னால் ஒரு கொட்டாங்கச்சி இருக்கும். அதில் வெல்லக்கட்டி. பொடிசுகள் அதைத் திருட வேண்டும். தரையில் கிழித்த கோட்டில் பொடிசை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். பூதம் சட்டென்று திரும்பும்.

"யார்ரா அது? பேரச் சொல்லு!"

சொல்லியே ஆகவேண்டும். பூதம் கண்ணால் பார்த்துத் தின்னாது. பேரைக் கேட்டுத்தான் தின்னும். பேர் ருசியாக இருந்தால் பொடிசு செத்தது. மாமா அதை உள்ளங்கையில் வைத்து ஒரே நசுக்கு. திரும்பவும் களிமண். பேர் அருவருப்பாக இருந்தால், "த்தூ, போ" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். இதுதான் ஆட்டம். பேர் வைப்பதுதான் ஆட்டம்.

பெரியப்பா மகன் ஒருவன் இருந்தான். எனக்கு அண்ணன். நன்றாகப் படிப்பான். அவன் பொடிசுகளுக்கு மகாவஜ்ரன், சிம்மகோஷன், அக்கினிராஜன் என்று பேர் வைப்பான்.

"மகாவஜ்ரனா!" என்று பூதம் நாக்கைச் சப்புக்கொட்டும். "நெய்யில வறுத்த மாதிரி இருக்குதுடா பேரு!"

நசுக்கு.

"மாமா, அது வீரன் மாமா!" என்று அண்ணன் கத்துவான்.

"வீரன்தான்டா ருசி."

நான் அந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். வீட்டில் ஆடு மேய்க்க ஆள் இல்லை. எனக்குப் பெரிய பேர்கள் தெரியாது. கண்ணில் பட்டதை வைத்தேன். ஓட்டாஞ்சில்லு. பிஞ்ச செருப்பு. சளிமூக்கன். நாறத்துணி. பூதம் ஒவ்வொன்றுக்கும் குமட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பும். என் பொடிசுகள் தப்பின.

ஆனால் பூதம் லேசுப்பட்டது இல்லை. ஒரே பேரை நாலைந்து தரம் சொன்னால், "சளிமூக்கனா? தெரிஞ்ச பயதான். பழகிப்போச்சி" என்று தின்றுவிடும். அருவருப்பும் பழகிப்போகும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். புதுசு புதுசாகத் தேட வேண்டியிருந்தது.

சட்டிக்கரி மட்டும் பழகவே இல்லை.

அத்தை பானை கழுவும்போது அடியில் சுரண்டிய கரியை வாங்கி ஒரு பொடிசுக்குப் பூசினேன். அத்தை என்றால் மாமாவின் பெண்சாதி. அப்போது மாசமாக இருந்தாள். அதிகம் பேச மாட்டாள். "இதும் பேரு இன்னாடி?" என்றாள். "சட்டிக்கரி" என்றேன். அத்தை சிரித்துவிட்டாள். கரிக்கையால் வாயைப் பொத்தினாள். மீசை வந்துவிட்டது. அப்புறம் நானும் சிரித்தேன்.

சட்டிக்கரியைத் தொட்டால் கை கருப்பாகும். பூதம் ஒரு தரம் பிடித்துப் பார்த்தது. "அய்ய! சோறு துன்ற கை" என்று கையை மண்ணில் தேய்த்தது. மறுபடி தொடவில்லை.

வில்லியனூர்த் தேர் நெருங்கியது. மாமா சைக்கிளில் போவார். பின்னால் கேரியர் கழன்று போயிருந்தது. முன்னால் பாரில் ஒரே ஒரு ஆள்தான் உட்காரலாம். தேருக்கு முந்தின நாள் கடைசி ஆட்டம், வெல்லம் எடுப்பவர் பாரில் ஏறலாம் என்று மாமா சொல்லிவிட்டார். எனக்குக் கவலையே இல்லை. என்னிடம் சட்டிக்கரி இருந்தது. அண்ணனிடம் போய், "நீ தேரு பாக்கணும்னா எங்கிட்ட கேளு, வந்து சொல்றன்" என்றேன். அவன் என் சடையைப் பிடித்து இழுத்தான்.

அதற்கு நடுவில் அத்தைக்குப் பிள்ளை பிறந்தது. ஆண்.

இதற்கு முன்னால் அத்தைக்கு இரண்டு பிறந்தன. ராஜா என்று ஒன்று, ராணி என்று ஒன்று. இரண்டும் தங்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். "தங்கல." விருந்தாளியைச் சொல்வது போல இருக்கும். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். வந்தார்கள், இடம் பிடிக்கவில்லை, போய்விட்டார்கள்.

தீட்டுக் கழித்த காலையில் அத்தை பிள்ளையை முறத்தில் கிடத்தி எடுத்துவந்தாள். வீட்டுக்குப் பின்னால் குப்பைமேடு. மேட்டின் மேல் முறத்தை வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். அம்மா ஏதோ வேலையாகப் போகிறவள் போல அந்தப் பக்கம் வந்தாள். ஆச்சரியப்பட்டாள்.

"அடி ஆத்தே, குப்பையில ஒரு புள்ள கெடக்குது! யாரூட்டுதுடி இது?"

"எனக்கு இன்னா தெரியும் அண்ணி" என்றாள் அத்தை. "எங்கூட்டுது இல்ல."

எனக்குப் பொறுக்கவில்லை. பிறந்த அன்றைக்கு வாசலிலேயே நின்றவள் நான்.

"அத்த, ஒன்னுதுதான்!" என்று கத்தினேன்.

அம்மா தொடையில் கிள்ளினாள். இன்றைக்கும் அந்த இடம் தெரியும்.

அம்மா பிள்ளையைத் தூக்கினாள். "கேட்பாரில்லாத புள்ள. நான் வச்சி இன்னா பண்றது. வேணும்னா நீ எடுத்துக்கடி. ஒரு மொறம் தவுடு குடு, போதும்."

அத்தை தவிடு கொண்டுவந்து கொட்டினாள். பிள்ளையை வாங்கிக்கொண்டாள். தவிடு எங்கள் மாட்டுக்குப் போயிற்று. மாட்டுக்கு நல்ல நாள். பிள்ளையைப் போய்த் தவிட்டுக்கு வாங்குவார்களா என்று நான் தொடையைத் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

"குப்புசாமின்னு கூப்புடு" என்றாள் அம்மா.

"வேணாம் அண்ணி. இந்தத் தெருவுலியே எத்தினி குப்பு. எத்தினி பிச்ச. பழகிப்போச்சி."

"யாருக்குடி பழகிப்போச்சி?"

அத்தை என்னைப் பார்த்தாள்.

"ஏண்டி, ஒன் சட்டிக்கரிய பூதம் ஒரு வாட்டியாவது துன்னுச்சா?"

"துன்னல" என்றேன் பெருமையாக.

"அந்தப் பேர எனக்குக் குடுக்கறியா?"

மாமாவின் ஆட்டத்தில் ஒரு பேர் ஒரு ஆளுக்குத்தான். கொடுத்துவிட்டால் அந்தப் பொடிசை ஏரியில் கரைக்க வேண்டும். நாளைக்கு ஆட்டம். அதற்கு மறுநாள் தேர்.

"தேரு முடிஞ்சதும் எடுத்துக்கயேன்" என்றேன்.

"முடியாதுடி. இன்னிக்கே வேணும்."

"அப்ப நாறத்துணி வச்சிக்க. அதுவும் நல்ல பேருதான்."

அம்மா கையை ஓங்கினாள். அத்தை தடுத்தாள். கீழே உட்கார்ந்தாள். என் உயரத்துக்கு வந்தாள். பிள்ளையை என் மடியில் வைத்தாள். அது கருப்பாக இருந்தது. சுருங்கிப்போன முகம். காது ஒன்று மடங்கியிருந்தது. அச்சாக ஏரிமண்ணில் பிடித்தது மாதிரி. என் சட்டைக் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. வெல்லம் திருட வந்ததுபோலப் பிடித்தது.

"பொடிசு" என்றேன்.

"ஆமான்டி. பொடிசுதான்" என்றாள் அத்தை.

"சரி, எடுத்துக்க."

அத்தை சும்மா வாங்கவில்லை. உள்ளே போய் ஒரு பிடி தவிடு கொண்டுவந்து என் கையில் வைத்து மூடினாள். பேருக்கும் விலை கொடுத்தாகிவிட்டது. நான் அதை ஆட்டுக்குட்டிக்குப் போட்டேன். என் பொடிசை எடுத்துப்போய் ஏரியில் மிச்சமிருந்த குட்டையில் விட்டேன். கரி முதலில் கரைந்தது. குன்றிமணி இரண்டும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தன. அப்புறம் மண்ணும் போயிற்று.

மறுநாள் ஆட்டம். ராத்திரியெல்லாம் யோசித்தும் பேர் வரவில்லை. கரி பூசாத ஒரு பொடிசைக் கொண்டுபோனேன்.

அண்ணன் தேறியிருந்தான். பழைய முறத்தான் என்று ஒன்று. சாணிக்கூடை என்று ஒன்று. ஆனாலும் படித்த புத்தி போகவில்லை. "பேரு இன்னா?" என்று பூதம் கேட்டதும் "சாணிக்கூடை மகாராஜன்" என்றான். சாணிக்கூடை வரைக்கும் பூதம் குமட்டிக்கொண்டிருந்தது. மகாராஜன் என்றதும் வாயைத் திறந்துவிட்டது.

என் முறை. நகர்த்தினேன். கொட்டாங்கச்சிக்கு ஒரு சாண் இருக்கும்போது பூதம் திரும்பியது.

"யார்ரா அது? பேரச் சொல்லு!"

"பேரு இல்ல."

"பேரு இல்லாம எப்பிடி? நேத்துவரைக்கும் சட்டிக்கரி இருந்தானே, எங்க அவன்?"

"பேர அத்தைக்குக் குடுத்துட்டன்."

மாமாவுக்குச் சட்டிக்கரி வீட்டுக்கு வந்த கதை தெரியும். நான் தேரை விட்டுக் கொடுத்தேன் என்பதை அப்போதுதான் யோசித்தார் போல. முக்காடு நழுவியது. கொஞ்ச நேரம் பூதமும் இல்லை, மாமாவும் இல்லை. யாரோ ஒரு ஆள் அங்கே உட்கார்ந்திருந்தார். பிறகு துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு முதுகைத் திருப்பினார்.

"பூதத்துக்கு இன்னிக்கிப் பசி இல்ல. போ."

"அழுகுணி ஆட்டம்!" என்று அண்ணன் குதித்தான். "பேரே சொல்லல மாமா அவ!"

"பேரு இல்லாதத எப்பிடிடா துன்றது? எதச் சொல்லிக் கூப்புடறது?"

நான் வெல்லத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். பேரில்லாத பொடிசு! என் தந்திரத்தை நானே மெச்சிக்கொண்டேன். பாதி வெல்லத்தைக் கடித்து அண்ணனுக்குக் கொடுத்தேன். எச்சில் என்று முதலில் முறைத்தான். பிறகு தின்றான்.

தேர் பார்த்தேன். சைக்கிள் பாரில் போய் வந்து இரண்டு நாள் சரியாக உட்கார முடியவில்லை. கூட்டத்தில் தேரின் உச்சிதான் தெரிந்தது. அது போதும்.

சட்டிக்கரி தங்கினான். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு ஒரு நீளமான நல்ல பேரைப் போட்டார்கள். தெருவில் அது யாருக்கும் தெரியாது. அவன் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தபோது எதிர்வீட்டில், "மாப்பிள்ள யாருப்பா, அசலூரா?" என்று கேட்டார்கள். இப்போது மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறான். பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் போனால் இன்றைக்கும் "டேய் சட்டிக்கரி" என்றுதான் கூப்பிடுவேன். எழுந்து வருவான்.

தேருக்குப் போய்த் திரும்பிய அன்று சாயந்திரம் ஒன்று பார்த்தேன். அத்தை பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். எங்கள் தெரு மேற்கே போய்ச் சுடுகாட்டுப் பாதையில் சேரும். அந்தப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, அதிகம் பேசாத அத்தை, ஊருக்கே கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தாள்.

"எங்கூட்டுல ராஜாவும் இல்ல, ராணியும் இல்ல. சட்டிக்கரிதான் கெடக்குது. குப்பையில பொறுக்குனது. தவுட்டுக்கு வாங்குனது. தொட்டா கைதான் கருப்பாவும்!"

யாரிடம் சொல்கிறாள் என்று தெருவை எட்டிப் பார்த்தேன். ஒருத்தரும் இல்லை. கோடிவீட்டு நாய் மட்டும் மண்ணில் படுத்திருந்தது.

நாயிடம்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.