பெயர் கேட்காத மாஸ்டர்

ஜெகதீசன் மாஸ்டர் இறந்துபோன செய்தி வந்தபோது நான் கியா பார்ம் காய்கறிச் சந்தையில் முட்டைக்கோஸ் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட, அடுத்தடுத்துக் கூப்பிய கைகளும் மலர்வளையங்களும் வந்து விழுந்தன. ‘அறிவு தானம் செய்த மகான்’ என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. நான் போனைப் பைக்குள் போட்டுவிட்டு இன்னும் இரண்டு கோஸ் எடுத்துக்கொண்டேன். துக்கம் வரவில்லை. வராததை வந்ததாக எழுத எனக்குத் தெரியாது. நினைவு மலருக்கு எழுதித் தரச் சொன்ன பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். “பரவால்ல டீச்சர், நீங்க எழுதுனா போதும்லா” என்றார்கள். கேட்டு வாங்கிக்கொண்டீர்கள், படியுங்கள்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தானா ராத்தா டவுனில் ஒரு கடையின் மாடியில், ரத்தம் எடுக்கும் வேலைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் நிலையம் நடத்தியவர் அவர். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளும் கோலா தெர்லா பக்கத்துப் பிள்ளைகளும் வந்து படித்தார்கள். முடித்தால் ஏதாவது ஒரு கிளினிக்கில் வேலை கிடைக்கும். ஸ்ட்ராபெரி அடுக்கும் கொட்டகையில் காலத்தை ஓட்ட வேண்டியதில்லை. மருத்துவமனையில் அதே வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்த நான் அங்கே செய்முறை வகுப்பு எடுத்தேன்.

மாஸ்டர் வெள்ளைக் கோட்டு இல்லாமல் மீன் வாங்கக்கூடப் போகமாட்டார். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் வேறு. ரத்தம் எடுக்கிறவனுக்கு அது எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். “பாக்குறவனுக்கு மரியாதை வரணும் டீச்சர்” என்றார். ஊசி போட்டுப் பழகுவதற்கென்று ஒரு ரப்பர் கை வாங்கினார். வாங்கிய கையோடு அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். வருகிற பெரிய மனிதர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பிள்ளைகள் பஞ்சுக்குள் உறிஞ்சுகுழல் செருகி அதில் குத்திப் பழகினார்கள். அந்த ரப்பர் கையில் கடைசிவரை ஒரு ஓட்டை விழுந்து நான் பார்க்கவில்லை.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். சிரிக்க முடியாத ஒன்று இருந்தது. ரத்தம் எடுப்பதற்கு முன்னால் நோயாளி தன் முழுப் பெயரைத் தன் வாயால் சொல்ல வேண்டும். நாம் பெயரைச் சொல்லி ‘நீங்கள்தானே?’ என்று கேட்கவே கூடாது. காது கேட்காதவரும் தலையாட்டுவார், பயந்தவரும் தலையாட்டுவார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது வராது. மாமா, தாத்தா என்றே கூப்பிட்டு வளர்ந்தவர்கள், பெரியவரிடம் போய்ப் பெயரென்ன என்று கேட்கக் கூசுவார்கள். அந்தக் கூச்சத்தை உடைக்கத்தான் நான் மாதக்கணக்கில் கத்தினேன். அடுத்த வகுப்பில் மாஸ்டர் வந்து, “நம்ம ஜனங்ககிட்டப் பேரு கேக்குறது அவமரியாதை. மூஞ்சியப் பாத்தாலே தெரியும்லா” என்று எல்லாவற்றையும் கலைத்துவிடுவார். ‘ரத்தத்துக்குப் பெயர் இல்லை’ என்று சுவரில் எழுதிக்கூட வைத்தார். பிள்ளைகளுக்கு எது சுலபமோ அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

அதற்கான கூலி ஒரு தோட்டத்துச் சமூகக் கூடத்தில் நடந்த இலவச முகாமில் கிடைத்தது. நான் வந்தால் வரிசை நகராது என்று என்னைக் கூப்பிடவில்லை. அந்தத் தோட்டத்துப் பெண்ணான கோகிலா, முனியாண்டி என்று சீட்டு ஒட்டிய குழாயை எடுத்துக்கொண்டு நேராகத் தனக்குத் தெரிந்த முனியாண்டி தாத்தாவிடம் போனாள். அவர் முனியாண்டி கோயிலில் விளக்குப் போடுகிறவர். கோயில் பெயரே அவருக்கு ஆகிவிட்டது. ஐசி என்கிற அடையாள அட்டையில் அவர் கோவிந்தன். உண்மையான முனியாண்டி லோரி ஓட்டியவர், அவரை அவள் பிறந்ததிலிருந்து லோரி மாமா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். கோவிந்தன் என்று மிஞ்சிய குழாயில் மிஞ்சிய லோரி மாமாவின் ரத்தம் போயிற்று. லோரி மாமா சர்க்கரை என்று பயந்து தேநீரை விட்டார். உடம்பெல்லாம் சர்க்கரையாக இருந்த கோவிந்தன் தாத்தாவோ ஒன்றுமில்லை என்ற தாளை நம்பிப் பொங்கலும் பஞ்சாமிர்தமுமாக இருந்தார். காலில் வந்த புண் ஆறவில்லை. கடைசியில் ஒரு விரலை எடுத்தார்கள். மருத்துவமனையில் மறுபடி ரத்தம் பார்த்தபோதுதான் குழாய் மாறிப்போனது தெரிந்தது.

விசாரிக்க வந்த தோட்டத்து ஜனங்களுக்கு முன்னால் மாஸ்டர் என்ன செய்தார் தெரியுமா? கோகிலாவை எழுப்பி நிறுத்தி, தான் படித்துப் படித்துச் சொல்லியும் கேட்காத பெண் என்றார். “பேரைக் கேளுன்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன்” என்றார். சுவரில் இருந்த வாசகம் அன்று காலையே காணாமல் போயிருந்தது. அவளை நிலையத்திலிருந்து நீக்கினார். உங்களில் சிலர் அந்த வகுப்பில் இருந்தீர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் மட்டும் திறந்தேன், அத்தோடு எனக்கும் வேலை போயிற்று. அப்படிப்பட்டவரைத்தான் மகான் என்கிறீர்கள்.

கோகிலா ஸ்ட்ராபெரிக் கொட்டகைக்குப் போனாள். விளக்குப் போடுகிற தாத்தாவின் காலைக் கெடுத்தவள் என்று தோட்டத்து லய வீடுகளில் பேச்சு. மாலையில் என் வீட்டுக்கு வரச் சொன்னேன். என் கையில் குத்திப் பழகினாள். குத்துவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் என் பெயரைக் கேட்டாள். தெரிந்த டாக்டர் ஒருவரிடம் மன்றாடித் தானா ராத்தா கிளினிக்கில் சேர்த்துவிட்டேன். இன்னொரு புகார் வந்தால் வெளியே என்ற நிபந்தனையோடுதான் எடுத்தார்.

அந்த கிளினிக்குக்கு ஒருநாள் காலையில் மாஸ்டர் வந்தார். பிரஷர் மாத்திரைக்காக நானும் உட்கார்ந்திருந்தேன். கூடம் நிறைய ஆட்கள். கோகிலா தட்டோடு வந்ததைப் பார்த்ததும், வேறு ஆளை அனுப்பச் சொன்னார். வேறு ஆள் இல்லை என்றாள். முழுப் பெயரைச் சொல்லுங்கள் மாஸ்டர் என்றாள். அவர் முகம் சிவந்தது.

“என்னைத் தெரியாதா உனக்கு? ஜெகதீசன் மாஸ்டர்.”

“ஐசியில உள்ள பேரு மாஸ்டர்.”

“டாக்டரக் கூப்பிடு. உன்னைய இங்க யாரு வச்சதுன்னு கேக்குறேன்.”

ஒரு வார்த்தை போதும், அவள் பிழைப்பு போய்விடும். ஐசி பெயர் எழுதிய சீட்டு அவள் கையில்தான் இருந்தது. அந்தப் பெயரைக் கூடம் கேட்க அவளே படித்திருக்கலாம். அவள் படிக்கவில்லை.

“கூப்பிடுறேன் மாஸ்டர். டாக்டர் வந்தாலும் நீங்க பேரு சொன்னாத்தான் ஊசி.”

கூடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். “குப்பன். அப்பா பேரு வீரன்.”

கோகிலா தலையசைத்துவிட்டு அவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். ஒரே குத்து. அவர் முகம் சுளிக்கக்கூட நேரமில்லை.

பிள்ளைகள் தங்காத வீட்டில், பிறந்த குழந்தையைக் குப்பையில் போட்டு எடுத்துக் குப்பன் என்று பெயர் வைப்பது நம் தோட்டங்களில் வழக்கம். எமனுக்கு ஆசை வராதாம். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு அவர்மேல் முதல்முறையாகப் பரிதாபம் வந்தது. கொஞ்ச நேரம்தான். தன் பெயரை மறைக்க வேண்டும் என்பதற்காக ஒரு வகுப்பையே பெயர் கேட்காமல் வளர்த்திருக்கிறார் இந்த மனிதர்! ஒரு கிழவர் விரலை இழந்ததும் ஒரு பெண் தலைகுனிந்து நின்றதும் அந்த வெட்கத்துக்காகத்தான்.

வெளியே வந்து, முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். அந்தப் பெயரை வெளியே சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கோகிலாவிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்றேன். அவர் காரைத் திறந்து ஏறிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. அவளிடமும் அவர் வரவே இல்லை.

மலரின் அட்டையில் ஜெகதீசன் மாஸ்டர் என்று போடப்போகிறீர்கள். தாராளமாகப் போடுங்கள். வெள்ளைக் கோட்டையும் ரப்பர் கையையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சொல்ல மாட்டேன் என்று நான் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை. இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்று லயத்தில் ஒருத்தி பயந்து பயந்து வைத்த பெயரை நான் வைத்துக்கொள்கிறேன். அவரிடம் நான் மதிக்க முடிந்தது அது ஒன்றுதான், அதைத்தான் அவர் குப்பை என்று நினைத்தார்.