மீன் வாடைக்காக எடுத்த வீடு

சாலைக் கடைத்தெருவில் எங்கள் வீட்டு மாடிப்படி செங்குத்து. கீழே வற்றல் மிளகாய் மொத்தக் கடை. விடியுமுன் லாரியில் வந்து மூட்டை இறக்குவார்கள். நாங்கள் தும்மிக்கொண்டேதான் எழுந்திருப்போம். மகன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், கடல் பக்கம் ஃப்ளாட் வாங்கிப் போய்விடலாம் என்றான். வீடு என் பேரில் இருந்தது; அதை விற்றால்தான் ஃப்ளாட். மூன்றாம் வகுப்போடு நின்றவள் வாய் திறப்பதற்காக, பட்டம் வாங்கியவனும் அவன் பெண்டாட்டியும் காத்திருந்தார்கள். நான் அவசரப்படவில்லை.

அவர்களுக்குக் கடல் வேண்டும், அலை வேண்டும், காற்று வேண்டும். மீன் வாடை மட்டும் வேண்டாம். நாங்கள் நாஞ்சில்நாட்டுச் சைவக் குடும்பம். தெருவில் மீன்கூடை போனால் மூக்கைப் பொத்துகிறவர்கள். இப்படிப்பட்டவர்கள் கடற்கரையில் வீடு தேடினால் எங்கே கிடைக்கும் என்று நினைத்தேன். கிடைத்தது. எங்களைப் போன்றவர்களுக்கென்றே ஒரு கட்டிடம் கட்டி வைத்திருந்தார்கள். உள்ளே யாரும் மீன் சமைக்கக் கூடாது. ஜன்னலில் கடல் தெரியும், சுவரில் மாட்டின படம் மாதிரி.

"நல்ல கம்யூனிட்டி அம்மா. எல்லாம் நம்ம ஆளுகளாக்கும்" என்றான் மகன்.

நம்ம ஆள் என்றால் யார் என்று நான் அங்கேயே கேட்டிருக்க வேண்டும். லிஃப்டில் ஏறி அந்த ஃப்ளாட்டின் முன்னால் போய் நின்றோம். எதிர்க்கதவு திறந்தது. நாத்தனார் நின்றாள்.

"மைனி! வாங்க, வாங்க. நாந்தான் அவன்ட்ட சொன்னேன், எதுத்தாப்புல காலியா கெடக்கு, அம்மையக் கூட்டிட்டு வாலேன்னு. இனி தெனமும் பாத்துக்கிடலாம் கேட்டேளா!"

என் கணவரின் தங்கை. கெட்டவள் அல்ல. எனக்குக் கல்யாணமான மறுநாள் அடுக்களைக்குள் வந்து, குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்து பார்த்து, "மைனிக்குப் புளி தாராளந்தான்" என்றாள். அன்றைக்குத் திறந்தவள் பிறகு மூடவே இல்லை. அவள் பார்க்காமல் என் வீட்டில் ஒரு கறியும் இலைக்கு வந்ததில்லை. மூட்டு தேய்ந்து அவளால் எங்கள் படியேற முடியாமல் போன பிறகுதான் என் அடுக்களை எனக்கென்று ஆனது. வீட்டில் எல்லோரும் திட்டிய அந்தப் படியை நான் மட்டும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

இங்கே படியில்லை. லிஃப்ட். அதிலும் எதிர்க்கதவு. புறப்படும்போது, "ஒரு சாவி எங்கிட்ட கெடக்கட்டும் மைனி, வயசான காலமில்லா" என்று வேறு சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் மகன் கேட்டான்.

"பிடிச்சுதா அம்மா?"

"காத்து போராது மக்ளே."

"ஏழாவது மாடிம்மா! நின்னா ஆளையே தூக்குது!"

"அது ஒரு காத்தா?"

நாத்தனாருக்குப் பயந்து வீட்டை வேண்டாம் என்றாள் என்று நாலு பேர் பேச நான் இடம் வைப்பேனா?

அவர்கள் முதலிலேயே கழித்துவிட்ட இன்னொரு கட்டிடம் இருந்தது. அதைக் காட்டு என்றேன். மதிலுக்கு அப்பால் மணலில் மீன்பிடி வள்ளங்கள். காலையில் அங்கேயே மீன் ஏலம். காரை விட்டு இறங்கியதும் மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அத்தை, இங்க மனுசங்க இருக்க முடியுமா? உங்களுக்குத்தானே மீன் வாடையே ஆகாது!"

எனக்கும் குமட்டத்தான் செய்தது. ஆனால் எனக்கே குமட்டினால் நாத்தனாருக்கு என்ன ஆகும் என்று யோசித்தேன். மூச்சை நன்றாக இழுத்து விட்டேன்.

"கடலுக்குப் பக்கத்துல மீன் மணக்காம பிச்சிப்பூவா மணக்கும்? இது போதும்."

பால் காய்ச்சிய அன்று நாத்தனார் வந்தாள். முந்தானையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. "எப்பிடித்தான் இருக்கேளோ மைனி" என்றவள், அடுக்களைப் பக்கமே திரும்பாமல் லிஃப்டுக்குப் போய்விட்டாள். அன்றைய புளிக்கறியில் நான் புளியை அள்ளிப் போட்டேன்.

நல்ல காலமாகத்தான் போனது. வாடையும் பழகிவிட்டது. காலையில் அது வந்து சேர்ந்தால், வாசலில் காவல்காரன் வந்து உட்கார்ந்த மாதிரி எனக்கு ஒரு தெம்பு.

பிறகு வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்தது. கடல் பொங்கிக் கிடந்தது. வள்ளங்களைத் தென்னைமரத்தடிக்கு இழுத்துக் கட்டிவிட்டார்கள். ஏலம் நின்றது, மணலை மழை கழுவியது. மருமகள் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துக்கொண்டு ஃபோனில், "இப்பம் ஒரு வாடையும் கிடையாது, தைரியமா வாங்க" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். யாரிடம் என்பது மறுநாள் தெரிந்தது.

"மழை முடியுற வரைக்கும் மைனி கூட இருக்கலாம்னு வந்தேன்" என்றாள் நாத்தனார். பையை வைத்துவிட்டு நேரே உள்ளே போனாள். மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

குடையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். கேட்டுக்கு வெளியே தார்ப்பாய்க்கு அடியில், ஏலத்தில் மீன் எடுத்து விற்கிற பெண் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவளோடு நான் அதுவரை பேசியதில்லை.

"வள்ளம் எப்பம் எறங்கும்?"

"கடல் அடங்கணும் அம்மா. அம்மா மீன் திங்காதில்லா, பின்னே எதுக்காக்கும் கேக்குது?"

"சும்மா ஒரு விசாரிப்புக்கு."

மறுநாள் காலையில் கிழக்கேகோட்டைக்கு பஸ் ஏறினேன். பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் ஆட்கள் பரீட்சைக்கும் கல்யாணத்துக்கும் வேண்டித் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். பிறந்ததிலிருந்து மீனைத் தொடாத நான், கடல் அடங்க வேண்டும், வலை கிழிய மீன் விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஒரு தேங்காயை ஓங்கி எறிந்தேன்.

நன்றாகச் சிதறியது.